பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிடி உப்பு

இன்று காலை உப்பு எடுக்கச் சாடிக்குள் கைவிட்டேன். நேற்றுவரை விரலில் ஒட்டிக்கொண்டிருந்த கல்லுப்பு, இன்று கலகலவென்று உதிர்ந்தது. ஈரக் கடற்காற்று நின்று, மேற்கிலிருந்து வறண்ட மேல்காற்று வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து அதைக் கூவிச் சொல்ல நீ இல்லை.

அந்தத் தேயிலைப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யுத்தம் முடிந்த வருடம், உள்ளே விளக்கு வைத்து, கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்க நான் செய்தது. கல்லூரியில் விலங்கியல் படித்தவள் என்ற எண்ணம் எனக்கு. சீமைப் புத்தகத்தில் போட்டிருந்தபடி, பெட்டிக்குள் ஈரம் இருக்க நாள் தவறாமல் தட்டில் தண்ணீர் ஊற்றினேன். இருபத்திரண்டாம் நாள் உடைத்துப் பார்த்தால், பத்து முட்டையிலும் முழுதாக வளர்ந்த குஞ்சுகள் நீரில் ஊறிச் செத்திருந்தன. நீ எட்டிப் பார்த்தாய்.

"இன்னாக்கா, குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுத்துகினு கீறியா?"

இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை.

அடுத்த மாதம், அடைகாத்துக்கொண்டிருந்த உன் கோழியை நாய் கடித்துக் கொன்றது. எட்டு முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தாய். சேலையெல்லாம் கருவாட்டு வாசனை.

"பத்து நாளு அடகாத்துச்சுக்கா. அது வம்சமே இவ்ளோதான். பொட்டிய பத்தவை. ஆனா தண்ணிய மட்டும் நீ தொடாத."

ஒரு சிரட்டையில் கல்லுப்பு போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாய். "கருவாடு காயப்போடறப்போ நான் இத்தத்தான் பாப்பேன். உப்பு கசிஞ்சா காத்துலயே தண்ணி கீது. நீ வேற எதுக்கு ஊத்தற?"

முட்டைக்குள் இருக்கும் நீர் கொஞ்சம் வற்றினால்தான் குஞ்சு மூச்சுவிட இடம் கிடைக்கும். படித்திருந்தேன். ஆனால் ராயபுரத்து ஈரக் கடற்காற்று அந்தப் புத்தகத்தில் இல்லை. தட்டைக் காலியாகவே விட்டேன். நான்கு நாள் கழித்து முட்டையை வெளிச்சத்தில் பிடித்தபோது, மொண்ணைப் பக்கத்து வெற்றிடம் பெட்டியில் வைத்த அன்று நான் போட்ட பென்சில் கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள் மேல்காற்று வீசியது. நான் தண்ணீர்த் தட்டை எடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"மறுபடியுமா? சாவடிச்சுடுவக்கா!"

"பொரிக்கிற நேரத்தில் ஈரம் வேணும். இல்லேன்னா உள்தோல் காஞ்சு குஞ்சோட ஒட்டிக்கும். உன் உப்பையே பாரு."

சிரட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து உருட்டினாய். உலர்ந்திருந்தது. போய், ஒரு கோணித் துண்டை நீயே நனைத்துக்கொண்டு வந்தாய்.

ஆறு பொரித்தன. கடைசிக் குஞ்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சொன்னாய்: "உன் பொஸ்தகமும் கொஞ்சம் படிச்சுதான் கீது."

போன மழைக்காலக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் மகள் கொண்டுவந்து கொடுத்த ஒன்பது முட்டைகள், அந்தக் கோழியின் வம்சம்தான், இப்போது பெட்டிக்குள் இருக்கின்றன. இன்று இருபதாம் நாள். புத்தகத்தில் தண்ணீரைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில், அன்று நான் பென்சிலால் எழுதியது மங்கவில்லை: 'முதலில் உப்பைப் பார்.'

பார்த்தேன். கோணியை நனைத்து வைத்தேன். ஒரு முட்டையில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கிறது. காதருகே பிடித்தால், உள்ளே கீச்சென்று ஒரு குரல்.