தென்னைக்குப் போகும் தண்ணீர்

தோகா

அப்பாவுக்கு மௌனிகாவின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நம் நூல் கிடங்குக்குத் தீயணைப்புப் பொறியாளராக நான் போட்ட தண்ணீர்க் கணக்கைத் திருத்தி, கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தீயில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கூரை ஸ்பிரிங்க்ளருக்கு நிமிடத்துக்கு இரண்டாயிரம் லிட்டர், நூல் அடுக்கும் ரேக்குக்குள் இருப்பதற்கு ஆயிரம். தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே பாயும்; மூவாயிரம் வேண்டும். போனில் என்ன சொன்னீர்கள்? "ரெண்டையும் எதுக்கு அம்மணி கூட்டற? பெருச மட்டும் எழுது. தொட்டில மிச்சம் தென்னைக்கு ஆகுமல்லொ."

அந்த ரேக்குகளுக்கு நடுவில்தான் அம்மாவும் பதினோரு பெண்களும் நூல் கட்டுகிறார்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஊரிலிருந்து இங்கே வரும் வம்சி அண்ணனிடம் நம் தோப்புத் தேங்காய் எண்ணெய் கேட்டிருந்தேன்; இங்கே கிடைப்பதில் நம் வீட்டு வாசம் இல்லை. அனுப்ப வேண்டாம். அந்தத் தண்ணீரில் காய்த்ததை நான் தலையில் தேய்க்க மாட்டேன்.

மௌனிகா