கனடாக்காரன் தோற்காத கொப்பி

மொன்ட்ரியால்-நோர்
09.02.2008

அன்பு மச்சான் டினோ,

நலம். நீயும் அம்மாவும் நலமா? இந்த வரி இல்லாவிட்டால் நீ கோபிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை, வேலை இருக்கிறது. இங்கே அதற்குத்தான் நலம் என்று பெயர்.

வேலை லாசாலில், பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில். போக மட்டும் ஒன்றரை மணித்தியாலம். முதலாளி எங்கட ஆள், திருவிழாவில் மாதா சுருவத்துக்குத் தோள் கொடுக்கிற ஆள். வேலை நேரத்தில் ஒருவன் கதிரையில் இருந்தால் போதும், "இதென்ன, கொம்மான்ரை வீடோ?" என்பார்.

மெட்ரோ தினமும் அந்த றெஸ்லிங் மண்டபத்துக்குக் கிட்டத்தான் போகிறது. தொண்ணூற்றேழில் என் ஆள் கனடாக்காரன் தோல்வி என்று கையால் தட்டாமலே, அவன் தோற்றதாக மணி அடித்துப் பட்டத்தைப் பறித்த மண்டபம். அதை நாங்கள் ஒரு வருசம் பிந்தி, தேய்ந்த கசெற்றில் பார்த்துவிட்டு, "இது செல்லாது" என்று தீர்ப்புச் சொன்னோம், ஞாபகமா? அன்றைக்குத் தொடங்கிய சீ.ஆர். கொப்பியில் அவன் இன்றைக்கும் சாம்பியன். ரீவி தன்பாட்டில் போகட்டும் என்று, றெஸ்லிங் வீரர் படம் போட்ட காட் கட்டு ஒன்றை வைத்து நாங்கள் வேறு சரித்திரம் எழுதினோம். என் அண்ணைதான் நடுவர். அவர் பால் ரின்னில் கரண்டியால் தட்டினால்தான் மட்ச் முடியும்.

விசயம் இதுதான். யூன் 3ஆம் தேதி என் அகதிக் கேஸ் விசாரணை. அண்ணையைப் பிடித்துக் கொண்டுபோனதுதான் என் கேஸ். அந்த நேரத்தில் எழுதிய தாள் ஏதும் இருந்தால் தா என்று லோயர் கேட்கிறார். பொலிசில் முறைப்பாடு எடுக்கவில்லை, உனக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தால் எங்களிடம் இருக்கிற ஒரே தாள் அந்தக் கொப்பிதான். மட்ச் நடக்காத நாளில் ஏன் நடக்கவில்லை என்று ஓரத்தில் எழுதுவோமே. "செல் அடி." "கரண்ட் இல்லை." 2006 யூன் 14ஆம் தேதி நான் எழுதினேன்: "மட்ச் இல்லை. இண்டைக்கு அண்ணையைக் கொண்டுபோட்டாங்கள்."

கொப்பியை லோயரின் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு. விலாசம் பின்பக்கத்தில்.

கேஸ் எழுதிக் கொடுக்கிற ஆனந்தராசா என்று ஒருவர் இருக்கிறார். "உன்ரை உண்மைக் கதையிலை ஓட்டை இருக்குத் தம்பி. நான் எழுதினா திகதி பிசகாது" என்றார். என்னோடு அறையில் இருக்கிற சாம்பவன், மட்டக்களப்புப் பெடியன், அவரிடம்தான் கதை வாங்கினான். வென்றுவிட்டான். நான் வேண்டாம் என்றேன். அண்ணையை வேறொருவர் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஜெனாட்

✝

இயேசு மரி சூசை
மன்னார்
08.03.2008

அன்பின் கனடா மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் இருபத்தைந்து நாளில் வந்து சேர்ந்தது. தபாலில் உடைத்து வாசித்துவிட்டுத்தான் தந்தார்கள். மண்டபத்தைப் பற்றி எழுதியிருந்தாய், அவ்வளவு கிட்டப் போயும் ஒரு படம் எடுத்து அனுப்ப உனக்கு மனமில்லை. கஞ்சப் பயல்.

அம்மாவுக்கு முழங்கால் நோ. உன் அம்மா அக்னெஸ் மாமி காலைப் பூசைக்கு வருகிறா. அருமைநாதன் அண்ணையின் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னால் மட்டும் வாய் திறக்கமாட்டா. இறந்தவர்களுக்கா, இருக்கிறவர்களுக்கா என்று பங்குச் சாமி கேட்பாராம்.

கொப்பி இன்றைக்கே போகிறது. ஒரு சேதி. நவெம்பர் மழைக்குக் கூரை ஒழுகிப் பழைய கொப்பி கூழாகிவிட்டது. ஒவ்வொரு பக்கமாக வெயிலில் பிரித்து வைத்து, புதுக் கொப்பியில் முழுவதையும் எழுதினேன். இரண்டு மாதம் எடுத்தது. உன் ஓரக் குறிப்பு ஒன்றையும் விடவில்லை. அங்கங்கே கொஞ்சம் சீர் செய்திருக்கிறேன், பார்த்தால் சந்தோசப்படுவாய். உன் கனடாக்காரன் இன்னும் பட்டத்தோடுதான் இருக்கிறான். என் ஆள் சேமக்காலையானை நீ போன பிறகு நானே ஏழு தரம் தோற்கடித்தேன். இதைவிட ஒரு சிநேகிதன் என்ன செய்வான்?

இரண்டு பேரும் ஒப்பம் வைக்காத முடிவு செல்லாது என்பது எங்கள் சட்டம். உன் ஒப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

கேஸ் வெல்லும். அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறேன்.

உன்ரை டினோ

✝

மொன்ட்ரியால்-நோர்
05.06.2008

டினோ,

முந்தநாள் விசாரணை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜன்னல் இல்லாத அறை. விசாரிக்கிறவ ஒரு அம்மா. கோபக்காரி இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டா. கொப்பியைத் தமிழிலிருந்து மாற்றிய பாலாம்பிகை அக்காதான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்.

"அண்ணனை எப்போது கொண்டுபோனார்கள்?"

"2006 யூன் 14. அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள்."

"நிச்சயமா?"

"ஓம்."

அவ தாளைப் புரட்டினா. "யூன் 14 என்று போட்ட பக்கத்தில் ஒரு போட்டி நடந்திருக்கிறது. இருபத்திரண்டு நிமிடம். நடுவர் அருமைநாதன். அது யார்?"

நான் அந்தத் தாளை எட்டிப் பார்த்தேன். பாலாம்பிகை அக்கா கேள்வியைத் திரும்பச் சொன்னா. அவவின் குரல் மாறிவிட்டது.

"அண்ணை" என்றேன்.

"கொண்டுபோன குறிப்பு யூன் 29ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஆதாரம், நீங்களே தந்தது. எது பிழை, நீங்களா கொப்பியா?"

டேய், விசாரணைக்கு முன்பு அந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. "ஒருக்காப் பாக்கிறியே தம்பி?" என்று பாலாம்பிகை அக்கா கேட்டா. என் கையால் எழுதிய அந்த வரியைத் திரும்பப் பார்க்க எனக்கு ஏலாது, வேண்டாம் என்றேன். லோயருக்கு என்னைப் போல எத்தனையோ பேர். பிரதி என்று சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். பிழை என் மேலும் இருக்கிறது.

யூலை 31 வரை தவணை தந்திருக்கிறா. பிரதி எழுதியவர், திகதியை ஏன் மாற்றினார், உண்மையான திகதி எது, அன்றைக்கு என்ன கண்டார் என்று முழுப் பெயரோடு ஒப்பமிட்ட ஒரு கடிதம் வேண்டும். பக்ஸில் வரும் நகல் சரிவராது, மூலத் தாள் வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டு வேலிக்குப் பக்கத்தில் நின்றவன் நீ ஒருவன்தான்.

இதைப் போனில் கதைக்க ஏலாது. நீ என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று எனக்கு எழுது.

ஜெனாட்

✝

இயேசு மரி சூசை
மன்னார்
04.07.2008

மச்சான்,

நான் செய்ததைச் சொல்கிறேன்.

முப்பது நாளுக்குள் மட்ச் விளையாடாத சாம்பியன் பட்டத்தை இழப்பான் என்பது எங்கள் சட்டம். அந்த வருசம் கனடாக்காரன் யூன் 4இல் விளையாடினான். அடுத்த மட்ச் யூலை 10. நடுவில் முப்பத்தாறு நாள். ஏன் என்று உனக்குத் தெரியும். அப்போது நீயும் நானும் அதைக் கவனிக்கவில்லை. போன வருசம் திரும்ப எழுதும்போது கண்டேன். சட்டப்படி பார்த்தால் நீ மன்னாரை விட்டுப் போக முன்னமே உன் ஆள் தோற்றுவிட்டான்.

நீ அங்கே தனிய இருக்கிறாய். இதையும் பறிக்க மனம் வரவில்லை. அதனால் யூன் 14இல் ஒரு மட்ச் வைத்தேன். மட்ச் இருந்தால் நடுவர் வேண்டும். அண்ணையை எழுதினேன். அண்ணை நடுவராக நின்றால் அவரைக் கொண்டுபோன குறிப்பு அந்தப் பக்கத்தில் நிற்கேலாது. யூன் 29க்கு மாற்றினேன்.

எழுதும்போது எனக்கு நல்லாக இருந்தது, ஜெனாட். பதினைந்து நாள் கூட்டிக் கொடுத்தது போல. இருபத்திரண்டு நிமிட மட்ச், கடைசியில் அண்ணை ரின்னில் தட்டுகிறார். நான் அழுதேன்.

நீ கேட்ட கடிதத்தை எழுதினேன். வேலிக்குப் பக்கத்தில் நின்று என்ன கண்டேன், வந்தவர்கள் என்ன உடுப்பு, வாகனம் என்ன நிறம், எல்லாம். சமாதான நீதவானிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு, "தம்பி, இதை நான் காணேல்லை, நீயும் எழுதேல்லை" என்று மடித்துத் தந்தார். வீட்டில் அம்மா அதை வாங்கிப் பெயரைக் கிழித்து எடுத்துவிட்டா. "இந்தத் தெருவிலை ஒரு பிள்ளை போனது காணும், இன்னொண்டு வேண்டாம்" என்றா.

பெயர் இல்லாமல் அந்தத் தாளை இதோடு வைக்கிறேன். தபாலில் உடைத்துப் பார்ப்பார்கள் என்று வாகனத்தின் நிறத்தையும் வெட்டிவிட்டேன். குறை நினையாதே.

உன் கேசுக்கும் மண்டபத்தில் நடந்தது போலத்தான் நடக்கிறது. நீ தட்டவில்லை, அவர்கள் மணி அடிக்கிறார்கள். நீ சாம்பியன் மச்சான்.

டினோ

✝

மொன்ட்ரியால்-நோர்
14.09.2008

டினோ,

உன் தாள் யூலை 29 வந்தது. லோயர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதை யார் எழுதினது?" என்றார். பெயர் இல்லை என்றேன். சரி என்று கோவைக்குள் வைத்தார்.

கேஸ் தோற்றுவிட்டது. முடிவு ஒன்பது பக்கம். அதில் ஒரு பக்கம் முழுக்கக் கனடாக்காரனும் சேமக்காலையானும். இங்கிலீசில் வாசித்தால் விசரன் எழுதினது போல இருக்கிறது.

ஓகஸ்டில் எங்கள் தெருவில் கார்கள் எரிந்தன. பொலிஸ் சுட்டு ஒரு பெடியன் செத்துப்போனான். அடுத்த நாள் காலையில் கண்ணாடித் துண்டுகளுக்கு மேலால் நடந்து பேருந்துக்குப் போனேன். முதலாளி, "உங்கடை பக்கம் எல்லாம் காட்டுச் சனம்" என்றார். பன்னிரண்டு நிமிடம் பிந்தினதற்கு மதியம் நின்றபடி சாப்பிட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாம்பவனுக்கு நிரந்தர வதிவிடம் வந்துவிட்டது. அவனுக்கு நடந்ததாக ஆனந்தராசா எழுதியதில் ஒன்றும் அவனுக்கு நடக்கவில்லை. கேக் வெட்டினான். நானும் சாப்பிட்டேன்.

கடைசி மனு ஒன்று இருக்கிறது. நவெம்பர் 14க்குள் புது ஆதாரம் கொடுத்தால் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பப் பிளேன் ரிக்கற் அவர்களே எடுப்பார்கள். இதை உன்னிடம் கேட்பதற்காக எழுதவில்லை. உன் அம்மா கிழித்தது சரி. என் அம்மா என்றாலும் கிழித்திருப்பா.

ஒன்று மட்டும். மண்டபத்தையும் என் கேசையும் ஒப்பிடாதே. அந்தக் கனடாக்காரன் அடுத்த மாதமே வேறு கொம்பனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தான்.

கொப்பியைத் திரும்பத் தந்துவிட்டார்கள். யூன் 14ஆம் தேதி மட்சைக் கிழித்து எடுத்தேன். புதுத் தாள் ஒட்டி என் கையால் எழுதினேன்: "மட்ச் இல்லை. இண்டைக்கு அண்ணையைக் கொண்டுபோட்டாங்கள்." அதற்குக் கீழே: "முப்பது நாள் முடிஞ்சுது. பட்டம் ஆரிட்டையும் இல்லை."

நான் ஒப்பம் வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தின் பிரதியை இதோடு வைக்கிறேன். உன் ஒப்பத்துக்கு இடம் இருக்கிறது. வைத்தால் வை. இனி மட்ச் எழுதாதே.

ஜெனாட்

✝

இயேசு மரி சூசை
மன்னார்
21.10.2008

ஜெனாட்,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. அந்தப் பக்கத்தைப் பன்னிரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தேன். நேற்று அதில் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு சாமியிடம் போனேன். வாசித்தார். உன் அண்ணைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது தான்தான் என்றார். வேறொன்றும் கேட்காமல் பங்குக் கோவில் முத்திரையைக் குத்தித் தந்தார்.

அம்மா என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுக்கிறா.

கொழும்புக்குப் போய்க் கூரியர் போட எனக்கு ஆமி பாஸ் தரமாட்டார்கள். தபாலில்தான் போடுகிறேன். இருபத்தைந்து நாள். எண்ணிப் பார்த்தேன், நவெம்பர் 15. ஒரு நாள் பிந்தும். பன்னிரண்டு நாளும் நான் வீணாக்கினது.

உடைத்து வாசிப்பார்கள் என்று தெரியும். இந்த முறை ஒன்றையும் வெட்டவில்லை.

நீ அனுப்பிய பக்கம் சரி. பட்டம் ஒருவரிடமும் இல்லை. அதற்குக் கீழே இதையும் எழுதியிருக்கிறேன்:

2006 யூன் 14ஆம் தேதி, புதன்கிழமை, பின்னேரம் ஐந்தரை மணி இருக்கும். அருமைநாதனை அவர் வீட்டு வாசலில் வைத்துக் கொண்டுபோனார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வாகனம் வெள்ளை. வந்தவர்கள் நாலு பேர், இரண்டு பேர் சீருடையில். அவர் கையில் பால் ரின் இருந்தது, அதை என் பக்கம் எறிந்துவிட்டுப் போனார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. கொப்பியில் திகதியை மாற்றியது நான். ஜெனாட் பொய் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மரியநாயகம் டினோஜன்
தேசிய அடையாள அட்டை இல. 872180463V
சேமக்காலை வீதி, மன்னார்