ஆளுக்கொரு துடுப்பு

2 பெப்ரவரி 2025, ஞாயிறு
என் மனைவி காளியாயி இன்றும் வாசல் பக்கம் வரவில்லை. பக்கவாதம் வந்த பிறகு நடை தேறிவிட்டது. இடது கைக்குத்தான் இன்னும் பிடிமானம் இல்லை. அதைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு அடுப்படியிலேயே கிடக்கிறாள். கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். அவள் கேட்டால்தானே? தேயிலைக் கொழுந்து பறித்த கை. இப்படியே விட்டால் செயலற்றுப் போய்விடுமோ?

5 பெப்ரவரி
படிப்பித்துவிட்டு வரும்போது பஸ்ஸிலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தேன். கரையில் கூடாரங்கள், தூண்டில் போடுகிறவர்கள், வாடகைப் படகுகள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அங்கே ஓர் ஓட்டைப் படகுதான். ஞாயிறு மாலையில் இரவல் வாங்குவோம். ஒரே பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்து, ஆளுக்கொரு துடுப்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு ஏசியதை நடுத்தண்ணீரில்தான் சொல்வாள், அவர் குரலிலேயே. சிரிப்பில் எனக்குத் துடுப்பு நின்றுவிடும்.

8 பெப்ரவரி
படகில் போகலாமா என்று கேட்டேன்.
"எதுக்கு? ஊரே பாத்துச் சிரிக்கவா?"
அவ்வளவுதான்.

15 பெப்ரவரி
பக்கத்துப் புடவைக்கடை ஜிப்ரியா வந்திருந்தாள். நாளைக்குப் படகில் போகும் யோசனையை அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். "அக்கா, நீங்க வராட்டி சேர் என்னையத்தான் கூட்டிட்டுப் போவாரு. பரவாயில்லையா?"
"தாராளமாப் போ. நடுத்தண்ணியில ஒக்கார வச்சிப் பாடம் நடத்துவாரு."
அவள் போன பிறகு காளியாயி மெதுவாக: "நாளைக்கி எத்தன மணிக்கிப் போறதா இருந்தீங்க?"

16 பெப்ரவரி, ஞாயிறு
படகுக்காரர் கிஷாந்த் மிதவை அங்கி மாட்டிவிட்டு, "அம்மா சும்மா ஒக்காருங்க, நான் ஓட்டுறேன்" என்றார்.
"நான் என்ன கொழுந்துச் சாக்கா?" துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.
கிஷாந்த் பின்னால் உட்கார்ந்துகொண்டார்; நாங்கள் ஆளுக்கொரு துடுப்புப் போட்டோம். படகு இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. கூடாரத்துக்காரர்கள் கை தட்டினார்கள். அவள் முகம் இருண்டது — ஐயோ, கெடுத்துவிட்டேனே!
பள்ளிக்கூடத்தில் இருவர் காலைச் சேர்த்துக் கட்டி ஓடும் மூன்றுகால் ஓட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் சொல்லுவேன்: வேகமான பிள்ளை மெதுவான பிள்ளைக்குக் காத்திருக்க வேண்டும். எனக்கு அது ஏன் உடனே தோன்றவில்லை?
"மெதுவாப் போடுங்க. ஒங்க பலத்த யாருக்குக் காட்டுறீங்க?" என்றாள்.
மெதுவாகப் போட்டேன். படகு கோணலாக, ஆனால் முன்னே போனது.

2 மார்ச்
மழை. போகவில்லை. என்னமோ நான்தான் பெய்ய வைத்தது போல முறைக்கிறாள்.

23 மார்ச், ஞாயிறு
ஜிப்ரியாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். கிடைத்தது சின்னப் படகு. அதில் இரண்டு பேர்தான் ஏறலாம். நான் காலை வைக்கப் போனேன்.
"நீங்க எங்க போறீங்க? கரையில இருங்க" என்றாள் காளியாயி. "இவளுக்கு நான் பழக்கி விடுறேன்."
கிஷாந்த் இன்னொரு படகில் துணைக்குப் போனார். ஜிப்ரியா அலறுவதும் இவள் அதட்டுவதும் கரைவரை கேட்டன. எனக்கும் கொஞ்சம் பொறாமைதான்.
கையை உயர்த்தி ஆட்டினேன். காளியாயி பதிலுக்கு ஆட்டவில்லை. அவளுக்கு இரண்டு கையிலும் வேலை இருந்தது.