முலூயா கடலைச் சேர்ந்த நாள்

பிப்ரவரி 9

நீர்மட்டக் கோலில் பதினொரு சென்டிமீட்டர். நீர்வள அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன். “நேத்தும் அதானே?” என்றார் எடுத்தவர். நேற்றும் அதுதான். இந்தப் பதினொன்றும் ஆறு அல்ல, கடல். முலூயா ஆறு கடைசியாகக் கடலில் கலந்து நான்கு மாதமாகிறது. முகத்துவாரத்தில் மணல்மேடு, பெரிய அலைகள் அதைத் தாண்டி உள்ளே விழுந்து தங்கிவிடுகின்றன. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

என் கணவர் கத்தூர் தோட்டத்துப் பம்பை நிறுத்திவிட்டார். எங்கள் ஆரஞ்சு மரங்களில் இலையோரம் கருகுகிறது.

பிப்ரவரி 13

கடலுக்கு அந்தப் பக்கம் மாலாகாவிலிருந்து மகள் நயீமா பேசினாள். இவர் அவளிடம், “மார்ச் முடியறதுக்குள்ள தோட்டத்தை வித்துட்டு ரெண்டு பேரும் வந்துடறோம்மா” என்கிறார்! ரெண்டு பேருமாம். நான் எப்ப வரேன்னு சொன்னேன்? கல்யாணமாகி முப்பது வருஷம், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? இருபத்திரண்டு வருஷமா தினம் காலையில ஆத்தைப் பாக்கறவ, அங்க நாலாவது மாடியில போய் எதைப் பாக்கறது, குழாயையா?

பிப்ரவரி 14

பேசவில்லை. பிஸ்ஸாரா என்கிற மொச்சைக் கூழை அவர் முன்னால் வைத்தேன். ஆலிவ் எண்ணெய் ஊற்றாமல்.

பிப்ரவரி 22

மழை! இங்கே இல்லை, தெற்கே மலையில். கெர்சிஃபிலிருந்து சித்தப்பா மகள் யாமினா கூப்பிட்டாள். “அக்கா, பாலத்துக்கடியில செம்மண் கரைச்ச மாதிரி போகுது! யார் வீட்டுக் கதவோ ஒண்ணு மிதந்து வருது, உங்களுக்கு வேணுமா?”

சுவரில் நான் வரைந்து ஒட்டிய ஆற்றுப் படத்தில் விரலால் நடந்தேன். மிதெல்த்தின் பனிமலை, மிசூரின் காய்ந்த வெளி, கெர்சிஃப், பிறகு அணை. அணையில் விரல் நின்றுவிட்டது. திறப்பார்களா?

பிப்ரவரி 25

திறந்துவிட்டார்கள். காலையில் 11, மதியம் 46!

“சரியாப் பாத்தீங்களாம்மா?” என்றார் அலுவலகத்தில்.

“முழங்கால் வரைக்கும் நனைஞ்சு நிக்கறேன். வேற சாட்சி வேணுமா?”

பிப்ரவரி 26

சந்தோஷம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. 130. மணல்மேடு உடையாததால் ஆறு போக இடமின்றி இரு கரையிலும் பரவுகிறது. எங்கள் கீழ்வரிசை மரங்களின் அடியில் தண்ணீர். எதிர்க்கரையில், நாதோர் பக்கம், ஹத்து அண்ணனின் பார்லி பாதி மூழ்கிவிட்டது. வேர் நாள்கணக்கில் நீரில் நின்றால் அவ்வளவுதான். மேட்டை உடைக்கும் மண்வாரி இயந்திரம் சேற்றுச் சாலையைத் தாண்டி வர இன்னும் இரண்டு நாளாகுமாம்.

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கத்தூரிடம் பேசினேன். “மண்வெட்டி எங்க?”

“எதுக்கு?”

“கடலுக்கு வழி வெட்டத்தான்.”

 எழுந்து போய் இரண்டு மண்வெட்டியோடு வந்தார்.

பிப்ரவரி 27

கை எரிகிறது, ஆனாலும் இதை இன்றே எழுதியாக வேண்டும்.

விடிந்ததும் எங்கள் பெர்கான் கரை ஊரார் பதினைந்து பேர் மணல்மேட்டில். மறுமுனையில் ஹத்து அண்ணன் தன் ஆட்களோடு. ஒரு பம்புக் குழாய்த் தகராறில் ஆறு வருடமாக அவரும் கத்தூரும் பேசிக்கொள்வதில்லை. அங்கிருந்தே கத்தினார்: “பெர்கான்காரங்களா! தேக்கரண்டியிலயா தோண்டறீங்க?”

கத்தூர் விடுவாரா? “உன் தொப்பையைக் கொஞ்சம் நகத்துடா, ஆறு தன்னால போயிடும்!”

இரண்டு கூட்டமும் சிரித்தது. ஆனால் இரண்டு இடத்தில் தோண்டினால் இரண்டுமே கடலை எட்டாது. மேட்டின் மேலேயே நடந்து போய்ச் சொன்னேன்: “ஹத்து அண்ணே, இந்த வருஷம் கிழக்குக் காத்து. மணலெல்லாம் உங்க பக்கம் குவிஞ்சு கிடக்கு. எங்க பக்கம்தான் தாழ்வு.”

“ஆறு எப்பவும் எங்க பக்கமாத்தான்மா வெளிய போகும்.”

“மேற்குக் காத்து அடிச்ச வருஷத்துல போச்சு.”

குனிந்து மணலைப் பார்த்தார். காற்றுக்கு முகத்தைக் காட்டினார். பிறகு தன் ஆட்களிடம், “வாங்கடா, இந்தம்மா பொய் சொல்லாது” என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

மூன்று மணிக்கு ஒரு சாண் அகலத்தில் தண்ணீர் நகர்ந்தது. பிறகு ஒரு முழம். பிறகு — கத்தூரின் கையிலிருந்து மண்வெட்டியையே ஆறு பிடுங்கிக்கொண்டது! மணல் பாளம் பாளமாக விழுந்தது. நீலக் கடலுக்குள் காவி நீர் விரிந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கத்தூரும் ஹத்து அண்ணனும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். நான் அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.

அப்புறம்தான் உறைத்தது. ஹத்து அண்ணன் எங்கள் கரையில்! நடுவில் ஆறு. அவர் மனைவி த்லைத்மாஸ் எதிர்க்கரையில் குலவையிட்டு முடித்துவிட்டு, “அங்கயே இருங்க! நான் ரெண்டு நாளு நிம்மதியா இருக்கேன்!” என்றாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

88, இறங்குகிறது. வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸ் விருந்துக்கு ஹத்து அண்ணனும் அவருடைய எட்டு ஆட்களும். சட்டியில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மண்வாரி இயந்திரம் வந்துசேர்ந்தது. ஓட்டுநர், “வேலை எங்கங்க?” என்றார். எல்லாரும் கடலைக் காட்டினார்கள்.

மார்ச் 9

பம்பு ஓடுகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை.

மார்ச் 30

62. பக்கத்துத் தோட்டங்களில் மொட்டு விட்டிருக்கிறது. எங்கள் கீழ்வரிசையில் ஒன்பது மரம் பிழைக்கவில்லை.

காலையில் கிளம்பிப் போன கத்தூர், மதியம் ஹத்து அண்ணனின் வண்டியில் நாற்பது ஆரஞ்சுக் கன்றுகளோடு வந்து இறங்கினார். காய்ப்புக்கு வர நான்கு வருடமாவது ஆகும். அவருக்கு இப்போதே அறுபத்தொன்று.

கன்றுகளை நிழலில் வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். “லூயிஸா, எங்க நடலாம்? நீ சொல்லு.”

மேட்டுப் பக்கம் என்றேன்.