கத்தரிக்காய்ப் புழுவும் என் நேர்ச்சையும்

இயேசு மரி சூசை

கல்மண்டபம், ராயபுரம்
24-3-1968

அன்பு மகள் ஆலிஸுக்கு உன் நைனா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளை லூயிஸும் வயிற்றுப் பிள்ளையும் சுகம் என்று தெரிந்தால்தான் எங்களுக்குத் தூக்கம். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஈஸ்டர் கழித்து ஒரு வாரத்தில் பிரசவம் என்று டாக்டரம்மா சொன்னதைப் படித்து அம்மா அழுதாள், சந்தோஷத்தில்தான், நீ பயந்துவிடாதே.

போன வருஷம் பிள்ளை தங்காமல் போனதே, இந்தத் தடவை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் மீனும் கறியும் தொடுவதில்லையென அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டேன், உனக்குத் தெரியும். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள் நான். கொல்லையில் போட்ட கத்தரியும் ஓட்டின்மேல் படர்ந்த அவரையும்தான் காப்பாற்றின. மீன்காரி பவுனம்மாள் வாசலில் கூடையை இறக்கி, இன்னாண்ணா, வஞ்சிரம் பளபளன்னு கீது, நீ அவரைக்கா துன்னுகினு கீறே என்று வம்புக்கு இழுப்பாள், நான் அசையவில்லை. அப்படிப்பட்ட எனக்குப் போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி ஹார்பரில் சாப்பாட்டு வேளையில் வினை வந்தது. அம்மா கத்தரிக்காயை முழுசாகக் கீறி எண்ணெய்க் குழம்பு வைத்திருந்தாள். ஒரு காயைக் கடித்துவிட்டுப் பார்க்கிறேன், உள்ளே பாதிப் புழு. மீதிப் பாதி எங்கே போனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னோடு சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற ஸ்டானிஸ்லாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "புழுவும் கறிதான் மாமு, உன் நேர்ச்சை அம்பேல்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சோற்றுத் தூக்கை மூடி வைத்துவிட்டேன், புழுவுக்காக இல்லை, உனக்காக.

சாயங்காலமே கோயிலுக்குப் போய்ப் பங்குசாமியிடம் சொன்னேன். தெரியாமல் தின்றது கணக்கில் வராது, நேர்ச்சை அப்படியேதான் இருக்கிறது, போய் நிம்மதியாகத் தூங்கு என்றார். அவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார், ஆனால் என் மனசு ஒப்பவில்லை. மறுநாளே திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன், ஈஸ்டரோடு முடிப்பதும் இல்லை, உன் பிள்ளை பிறக்கும்வரை என்று நீட்டிவிட்டேன். கிழவனுக்குப் பைத்தியம் என்கிறாள் அம்மா. இருக்கட்டும். அரிவாள்மனையையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன், அதில் அவளுக்கு என்மேல் இன்னும் கோபம். முழுக் கத்தரிக்காய் இனி நம் வீட்டில் கிடையாது. ஊசி குத்தின மாதிரி ஓட்டை தெரிகிற காயைத் தனியே வைக்கிறேன், நாலாகப் பிளந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறுப்பாக எச்சம் இருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியை உப்புத் தண்ணீரில் போடுகிறேன். ஒரு பீடி குடிக்கிற நேரம் விட்டால் ஒளிந்திருக்கிறதெல்லாம் வெளியே வந்துவிடும். அவரைக்காயை நார் உரித்து இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன், கீரையை இலை இலையாகத் திருப்புகிறேன், அடிப்பக்கம்தான் முட்டை ஒட்டியிருக்கும்.

நீ குவார்ட்டர்ஸ் பின்னால் போட்டிருக்கிற கோஸுக்கும் இப்படியே செய், மேல் இலையைக் கழித்துவிட்டு ஒவ்வொரு இலையாகப் பிரித்து உப்புத் தண்ணீரில் போடு. மாப்பிள்ளை கொசு மருந்துப் பவுடரைத் தூவலாம் என்றாராமே, வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். புழுவைக் கையால் எடுத்து எறியலாம், விஷத்தை எப்படி எடுப்பது. நீ குனிந்து பொறுக்காதே, மாப்பிள்ளையைப் பொறுக்கச் சொல், ஸ்டீல் பிளாண்டில் நெருப்புப் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒரு புழு என்ன பெரிசா. தண்ணீர்க் குடம் தூக்காதே. அம்மா ஈஸ்டருக்கு மறுநாள் ரயில் ஏறுகிறாள், அவள் வந்தபின் அடுப்பங்கரைப் பக்கமே போகாதே. எனக்குச் சமையலுக்கு ஆள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன்.

போன வருஷம் உங்கள் தந்தியைப் படித்துவிட்டு வாசற்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன் மகளே. பிலாய் எங்கே, ராயபுரம் எங்கே. இந்தத் தடவையும் எனக்கு லீவு இல்லை, உன் கட்டில் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். இங்கிருந்தே உனக்காக என் கையால் செய்ய முடிந்தது இந்த ஒன்றுதான், அதில் ஒரு குறை வர விடமாட்டேன்.

மாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். ஆணோ பெண்ணோ, இரண்டு பேரும் நலம் என்று உடனே தந்தி அடிக்கச் சொல், மறக்க வேண்டாம். அது வரும்வரை நான் இங்கே காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு
உன் நைனா
கஸ்பார்