சுஜி வைத்த புள்ளிகள்

ஜூலை 3, 2024

ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டுவிட்டேன். தாம்பரம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது, சுஜி எனக்கு முன்பே ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் மேல் குனிந்திருந்தாள். கீமோவுக்குப் பிறகு தலையில் கட்டிக்கொள்ளும் துணி கண்ணில் சரிந்துகொண்டே இருந்தது.

"வீட்ல இருக்கச் சொன்னாங்கல்ல?"

"வீட்ல இருந்தா பேஷண்ட். இங்க இருந்தா டாக்டர் சுஜி."

எங்கள் ஆய்வகத்து பத்ரி கப்பலில் போய் அண்டார்டிகாவின் கடல்தரையிலிருந்து எடுத்துவந்த ஹைட்ராய்டுகள். பார்த்தால் இறகு போன்ற செடி, உண்மையில் விலங்கு. மிதக்கும் பனிமலை உருகும்போது கீழே சேற்றில் விழும் கற்களைப் பற்றிக்கொண்டு வளரும். நீரோட்டம் கொண்டுவருவதுதான் சாப்பாடு. படித்து முடித்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் இதுதான் வேலை.

ஜூலை 19

மறுபடி அதே சண்டை. கரையோர விரிகுடாக்களில் இருப்பதும் ஆழத்தில் இருப்பதும் ஒரே இனம் என்கிறாள். ஆழத்தில் இருப்பது வேறு என்கிறேன் நான். அது கிடைத்த இடங்களைக் காட்ட அவள் வரைபடத்தில் வைத்த சிவப்புப் புள்ளிகள் கண்டத்தையே வளையமாகச் சுற்றுகின்றன.

"அவ்ளோ குளிர்ல, இருட்டுல, எல்லா இடத்துலயும் அது பொழச்சுக் கிடக்கு ரோஹிணி. விடேன்."

விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 8

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கணவர் லாசரஸ் அண்ணா சொன்னார்: "ஈரலுக்கும் பரவிடுச்சாம்மா."

பரவல். எது எங்கே பரவியிருக்கிறது என்று பார்ப்பதுதானே எங்கள் பிழைப்பு. இன்றைக்குப் போய் ஏன் இது தோன்ற வேண்டும்?

செப்டம்பர் 2

சுஜி போய்விட்டாள்.

செப்டம்பர் 4

அடக்கம். மழை. பாட்டுப் புத்தகம் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.

நவம்பர் 21

ஹைட்ராய்டுகளின் மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது. ஆழத்தில் இருப்பது வேறு இனம். சந்தேகத்துக்கே இடமில்லை.

நான் சொன்னதுதான் சரி. யார்கிட்ட போய் சொல்றது? ஜெயிச்சு என்ன செய்ய?

நவம்பர் 25

வரைபடத்தைத் திருத்த உட்கார்ந்தேன். ஆழ்கடல் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். எல்லாம் அவள் வைத்தவை. பாதியில் — முடியல. கணினியை மூடிவிட்டு ரயில் நிலையம் வரை நடந்தேன்.

நவம்பர் 28

முடித்தேன். வளையம் போயிற்று. மேற்கே சில விரிகுடாக்கள் மட்டும். பனிமலைகள் தரைதட்டி உரசிச் செல்லும் இடங்கள் அவை. ஓர் உரசலில் ஒரு கூட்டமே போய்விடும். எங்கும் இருக்கிறது என்று அவள் நம்பியது இவ்வளவு இடத்தில்தான் இருக்கிறது.

டிசம்பர் 14

சேலையூரில் லாசரஸ் அண்ணாவைப் பார்க்கப் போனேன். அவரே காபி போட்டார். சர்க்கரை போட மறந்திருந்தார், நானும் சொல்லவில்லை.

"அவ சொன்னது சரியா வந்துச்சாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

"இல்லண்ணா. தப்பு."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"இத அவகிட்ட யாரு சொல்றது?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் முகம் கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

ஜனவரி 9, 2025

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினேன். அவள் பெயர்தான் முதலில். இறந்துவிட்டாள் என்று குறிப்பும் எழுதியிருந்தேன். இருந்தும் ஆய்விதழின் கணினி தானாகவே எழுதியவர்கள் எல்லோருக்கும் சம்மதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது.

சாயங்காலம் பதில் வந்திருந்தது: இந்த முடிவுகளை சுஜி ஏற்றுக்கொண்டார். அவள் போன் லாசரஸ் அண்ணாவிடம்தான் இருக்கிறது.

அவள் எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே இல்லை.