மத்தியானச் சாப்பாட்டுக்கு நடந்து வரும் தூரம்

ஜூன் 5, 2006. திங்கள்

காலையிலிருந்து தூறல். ஜூனில் ஓசூர் இப்படிக் குளிரும் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்வெட்டர் திருச்சியில், பீரோவின் மேல் தட்டில். பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜ், அறை எண் 11. ஜன்னலைத் திறந்தால் பெங்களூர் பஸ்களின் கூரை.

ஆபீஸ்: பாகலூர் சாலை, மருந்துக்கடை மாடி. ஒரே அறை. மேஜை, ஃபேக்ஸ், கம்ப்யூட்டர், எனக்கு முன்பிருந்த நிருபர் விட்டுப்போன குடை. குடையில் இரண்டு கம்பி இல்லை.

ஏழாவது மாற்றல். இதுவே கடைசி. 2008 ஏப்ரலில் ஓய்வு.

நான் கிளம்பும்போது மனைவி வசந்தா சொன்னது, அப்படியே:

“ஆபீஸ்லேர்ந்து மத்தியானம் நடந்து வந்து சாப்பிட்டுட்டுப் போற தூரத்துல வீடு பாருங்க. கிடைச்சா வரேன். இல்லேன்னா தஞ்சாவூர்ல தங்கச்சி வீட்டுப் பின்கட்டுல இருந்துக்கறேன். உங்க பின்னாடி சாமான் கட்டிக்கிட்டு அலையறது முடிஞ்சுபோச்சு எனக்கு.”

திருச்சி வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். தங்கைக்கு வசந்தா (வ.) 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆக எனக்குப் பதின்மூன்று நாள்.

வ. கேட்டவை: தரைத்தளம் (முழங்கால்). தண்ணீர். சத்தம் கூடாது (ஒற்றைத் தலைவலி). நடந்து பத்து நிமிடத்துக்குள்.

அதிகம் கேட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது.

ஜூன் 6, செவ்வாய்

தரகர் முனிராஜ். ஆபீஸுக்குக் கீழே, மருந்துக்கடையை ஒட்டி ஜெராக்ஸ் கடை, அதோடு வீட்டுத் தரகு. வீட்டில் தெலுங்கு, போனில் கன்னடம், என்னிடம் தமிழ். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். நனைந்தேன்.

“ஸ்கூல் தொறந்தாச்சு சார். நல்ல வீடெல்லாம் மே மாசமே போயிடுச்சு. இப்ப வர்றவங்களுக்கு மிச்சம் மீதிதான்.”

மூக்கண்டப்பள்ளி. ஒரே கூரையின் கீழ் எட்டு வீடு. ஏழில் தொழிற்சாலைப் பையன்கள், ஒரு வீட்டுக்கு ஆறு பேர், ஷிப்ட் மாறினால் பாயிலும் ஆள் மாறும். எட்டாவது காலி. வீட்டுக்காரர் வேலையைக் கேட்டார். நிருபர் என்றேன்.

“பிரஸ்ஸா? போலீஸ், வக்கீல், பிரஸ், மூணு பேருக்கும் குடுக்கறதில்ல சார். தப்பா நெனச்சுக்காதீங்க. காலி பண்ணச் சொன்னா பண்ணமாட்டாங்க.”

ஆறு ஊரில் ஆறு வீட்டையும் சொன்ன தேதியில் காலி செய்தவன் என்றேன்.

“உள்ள வர்றப்ப எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க.”

அடுத்து ராயக்கோட்டை சாலைப் பக்கம். மாடி. நடந்து இருபத்திரண்டு நிமிடம். தண்ணீர் லாரியில், வாரம் இரண்டு முறை, வந்தால்.

மாலை ஏழு மணிக்கு பூத்திலிருந்து வ.வுக்குப் போன். இரண்டு வீட்டையும் சொன்னேன். படி பத்தொன்பது, ஏழாவது படி மட்டும் உயரம் அதிகம் என்றும் சொன்னேன்.

“அதையும் அளந்தீங்களா?”

“காலில் இடித்தது.”

“சரி. வேற பாருங்க.”

ஜூன் 8, வியாழன்

தூறல் விட்டது. காற்று.

மத்திகிரி. ஓட்டு வீடு, தரைத்தளம், கிணற்றில் தண்ணீர், பின்னால் சப்போட்டா மரம். சத்தம் என்றால் மாட்டின் குரல் மட்டும். வீட்டுக்கார அம்மாள் தெலுங்கில் ஏதோ கேட்க, முனிராஜ் சிரித்துக்கொண்டே சொன்னார்: “குடும்பம் இருக்குதா, இல்ல இருக்குதுன்னு சொல்றவராங்கறாங்க.”

எனக்குப் பிடித்தது. வ.வுக்கும் பிடித்திருக்கும். ஆனால் தூரம். திரும்பி வரும்போது மொபெட்டில் ஏறவில்லை, நடந்தேன். ஐம்பத்தெட்டு நிமிடம். முனிராஜ் கொஞ்ச தூரம் கூடவே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

“பஸ் இருக்குது, ஆட்டோ இருக்குது. யாராச்சும் நடந்து பாப்பாங்களா சார்?”

மாலை போனில் சப்போட்டா மரத்தைச் சொன்னேன். வ. “அடடே” என்றாள். பிறகு ஐம்பத்தெட்டைச் சொன்னேன்.

“அப்ப மறுபடியும் வேலூர்தான்” என்றாள்.

ஜூன் 10, சனி

உத்தனப்பள்ளி போய் வந்தேன். தக்காளி விலை விழுந்துவிட்டது, பறிக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்று செடியிலேயே விட்டிருக்கிறார்கள். வயல் முழுக்கச் சிவப்பு. ஒரு விவசாயி: “போட்டோ எடுக்கறீங்களே, எடுத்தா வெல ஏறுமா?” ஏறாது என்றேன். பதினெட்டு வரி அனுப்பினேன். பன்னிரண்டு வரி போடுவார்கள்.

மாலை மின்சாரம் இல்லை. வீடு எதுவும் பார்க்கவில்லை. முனிராஜ் ஒரு கல்யாணத்துக்கு ஆனேக்கல் போய்விட்டார்.

வேலூர் பற்றி. எழுதி வைக்கலாம்.

வேலூரில் வ. பதினான்கு மாதம் இருந்தாள். வீடு ஊருக்கு வெளியே, ஆபீஸ் ஊருக்குள். நான் சாப்பிட வருவேன் என்று தினமும் ஒரு மணிக்கு இரண்டு தட்டு வைப்பாளாம். எனக்கு அது தெரியாது. கிளம்புகிற அன்று லாரியில் சாமான் ஏறும்போது சொன்னாள்: “பதினாலு மாசத்துல மத்தியானம் ஒம்பது நாள் வந்தீங்க.” அவ்வளவு குறைவாக இருக்காது என்று அன்று இரவே பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். எட்டு. மறுநாள் அவளிடம் சொல்லவும் செய்தேன். ஒன்பது இல்லை, எட்டு என்று.

ஏன் சொன்னேன்.

ஜூன் 12, திங்கள்

வீடு கிடைத்தது. கிடைத்த மாதிரி.

ஆபீஸ் பின்னால் இரண்டாவது சந்து. ஆறு நிமிடம். திரும்பும்போது மேடு, ஏழு. தரைத்தளம். போர் தண்ணீர், குடித்துப் பார்த்தேன், லேசாக உப்பு. சமையலறையில் கிழக்கு ஜன்னல். வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா, பாகலூரில் லேத் பட்டறை. மனைவி அம்சா சேலத்துக்காரர்.

நிருபர் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“பேப்பர்காரர்னா எனக்கென்ன சார்? காலைல ஓசிப் பேப்பர் கெடைக்கும்” என்றார் கிருஷ்ணப்பா. “ஆனா ஒண்ணு. பேமிலி வந்து பாக்கணும். அம்மா அடுப்படியப் பாத்து சரின்னு சொன்னாதான் அட்வான்ஸ் வாங்குவேன். ஆம்பள மட்டும் பாத்துட்டுப் போன வீட்டுல மொத மாசமே சண்ட.”

ஞாயிறு வரை வைத்திருப்பார். ஒரு பேங்க்காரரும் கேட்டிருக்கிறார்.

பின்சுவருக்கு அப்பால் ஒரு தகர ஷெட். தகடு வெட்டும் இயந்திரம். தொம். நான்கு நொடி. தொம். வெறுங்காலில் நின்றால் தரையில் தெரிகிறது. காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை.

அம்சா: “எங்களுக்கு இப்பல்லாம் அது கேக்கறதே இல்லைங்க. ஞாயித்துக்கெழம மெஷினு நின்னாதான் ஒரு மாதிரி இருக்கும்.”

வெளியே வந்ததும் முனிராஜ் மொபெட்டைக் கிளப்பாமல் நின்றார். “சார், நான் எத்தனையோ பார்ட்டி பாத்துட்டேன். வீட்டோட குறையைத் தேடித் தேடி எழுதிக்கறவர் நீங்க ஒருத்தர்தான். அந்த ஷெட்ட மட்டும் போன்ல சொல்லாதீங்க. அம்மா வரட்டும். ஒரு வாரம் இருந்தா காது பழகிரும்.”

இன்று வ.வுக்குப் போன் செய்யவில்லை. நாளை.

ஜூன் 13, செவ்வாய்

சொல்ல வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டேன். ஷெட்டை எழுதவில்லை. முப்பத்தோரு வருட நிருபர் வேலையில் தெரிந்தே ஒன்றை விடுவது முதல் தடவை இல்லை. ஆனால் மற்றதெல்லாம் பத்திரிகை ஆசிரியர் கேட்டதற்காக விட்டது.

மாலை ஏழு. ஆறு நிமிடம் என்றேன். கிழக்கு ஜன்னல் என்றேன். பக்கத்தில் சேலத்துக்கார அம்மாள், பேச்சுத்துணை. வ. கேட்டாள்: மிக்சிக்கு பிளக் எங்கே இருக்கிறது, துணி காயப்போட இடம் உண்டா, பாத்திரம் தேய்க்க உட்காராமல் நின்று தேய்க்கலாமா. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இத்தனை கேள்வி கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று. சிரித்தாள்கூட.

பிறகு:

“குறை ஒண்ணும் சொல்லலையே.”

“தண்ணீர் லேசாக உப்பு.”

“அது இப்பச் சொல்லிட்டீங்க. எதை விட்டீங்க?”

கையிலிருந்த தாளை மடித்தேன்.

“ஏங்க, இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். நீங்க ஒரு வீட்டைக் குறையில்லாம சொன்னதே கிடையாது. சொல்லுங்க.”

சொன்னேன். எட்டிலிருந்து பத்து வரை, நான்கு நொடிக்கு ஒன்று.

“எண்ணினீங்களா?”

“ஆமாம்.”

“சொல்லாம இருந்திருந்தா வந்திருப்பேன். வந்து தலையைப் பிடிச்சுக்கிட்டு சண்டை போட்டிருப்பேன். போட்டாலும் அங்கதான இருந்திருப்பேன்.”

ஞாயிறுவரைதான் வீட்டுக்காரர் வைத்திருப்பார், பேங்க்காரர் ஒருவர் கேட்கிறார் என்றேன்.

“எட்டு நாளா வீட்டைப் பத்தியே சொல்றீங்க. படி சொன்னீங்க, மரம் சொன்னீங்க, நிமிஷம் சொன்னீங்க. ஒரு நாளாவது ‘வா’ன்னு சொன்னீங்களா?”

இந்தப் பக்கம் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போன பிறகும் நான் எதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

ஜூன் 15, வியாழன்

நேற்றும் இன்றும் திருச்சி போன் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

நகராட்சிக் கூட்டம். தெருவிளக்கு பற்றி ஒன்றரை மணி நேரம். ஆறு வரி.

மாலை தஞ்சாவூருக்குப் போன் போட்டேன். தங்கைதான் எடுத்தாள்.

“அக்கா இங்கதான் இருக்கா அத்தான். பின்கட்டைப் பாக்க நேத்து காலைல வந்தா. இப்பக் கோயிலுக்குப் போயிருக்கா. சுண்ணாம்பு அடிச்சு ஒரு மாசம் ஆச்சு, இன்னும் நெடி போகலைங்கறா. அவளுக்குத்தான் மூக்கு ரொம்ப நீளமாச்சே.”

எப்போது அடித்தது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சித்திரைக் கடைசியில அத்தான். அக்காதான் ஆளை விட்டு அடிச்சா.”

சித்திரைக் கடைசி என்றால் மே 14. ஓசூர் மாற்றல் ஆர்டர் என் கைக்கு வந்ததே மே 22, எட்டு நாள் கழித்து.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். கீழே எதுவும் எழுதவில்லை.

ஜூன் 17, சனி

மறுபடி தூறல். குடையை எடுத்துப் போனேன், கம்பி இல்லாத பக்கம் தோள் நனைந்தது.

மத்தியானம் தஞ்சாவூருக்குப் போட்டேன். வ. எடுத்தாள். தேதிகளைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று மாடிப்படி இறங்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

“வசந்தா, வா” என்றேன்.

பின்னால் குக்கர் விசில்.

“வீடு கிடைச்சுதா?”

“வீடு இல்லாவிட்டாலும் வா. மத்திகிரி இருக்கிறது. வேறு பார்க்கலாம்.”

“சொல்லிட்டீங்க” என்றாள். கோபமாக இல்லை. யாரோ நெடுநாளாகத் தராமல் வைத்திருந்த பாத்திரத்தைத் திருப்பித் தந்தால் சொல்வது போல. “சாமான் பாதி இங்க வந்துடுச்சுங்க. மிச்சம் செவ்வாய்க்கிழமை வண்டியில வருது. தீபாவளிக்கு லீவு போட்டு வாங்க. உங்க ஸ்வெட்டரைக் கூரியர்ல அனுப்பியிருக்கேன், ஆபீஸ் அட்ரஸுக்கு.”

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். மணி மூன்று. சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

வ. வரவில்லை என்று முனிராஜிடம் சொன்னேன். நான் கடையில் நின்றிருந்த பத்து நிமிடத்தில் அவர் யாருக்கும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை. ஆள் வந்தும்.

“ஷெட்ட சொல்லிட்டீங்களா சார்?”

“காரணம் ஷெட் இல்லை.”

“அப்புறம் என்ன சார்?”

குடையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

ஜூன் 18, ஞாயிறு

வெயில், வந்ததிலிருந்து முதல் தடவை.

காலை பத்து மணிக்கு கிருஷ்ணப்பா வீடு. குடும்பம் வரவில்லை, பேங்க்காரருக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கேட்டைத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், ஆட்டோவில் யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பவர் போல.

“லேட்டா வந்தாலும் சொல்லுங்க சார். சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்.”

வேண்டாம் என்றேன்.

மாடியில் ஒற்றை அறை ஒன்று காலியாம். தனி ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். தனி ஆள்தான் என்றேன். மேலே போய்ப் பார்த்தேன். ஒரு ஜன்னல், ஒரு ஆணி, தகரக் கதவு வைத்த குளியலறை. ஷெட்டுக்கு விடுமுறை. பக்கத்து வீட்டு டிவியில் கன்னடப் பாட்டு. படி பதினாறோ பதினேழோ, எண்ணவில்லை.

அம்சா துடைப்பத்தோடு மேலே வந்தார். “எத்தன நாளைக்குங்க?”

“இருபத்திரண்டு மாதம்.”

“அதுக்குள்ள அக்காவ எப்படியும் கூட்டிட்டு வந்துருவீங்க. வந்தா கீழ் வீடு காலியாறப்ப மொதல்ல உங்களுக்குத்தான்.”

“வர மாட்டாங்க” என்றேன்.

அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை. குப்பையை வாசல்வரை தள்ளிவிட்டு, கீழே பழைய கட்டில் இரண்டு கிடக்கிறது, ஏற்றிப் போடச் சொல்லட்டுமா, ஒன்றா இரண்டா என்று கேட்டார்.

ஒன்று.